மாட்டை அப்புறப்படுத்து என்றால், எங்கே கொண்டுபோவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீதியில் அவிழ்ந்து திரிகிற கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து ஏலத்தில் விட வேண்டும் என்று கிளிநொச்சி வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற எவருக்கும் அந்தக் கோபம் வரத்தான் செய்யும். கறுத்த மாடு நடுவீதியில் படுத்திருந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது. எதிரே பஸ் லைட் அடித்தால் கிட்டப் போனாலும் தெரியாது. அப்படி மோதிக் கால் முறிந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர் மாட்டுக்காரரின் பொறுப்பின்மை என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வயலும் செய்கிறேன், கொஞ்ச மாடும் வைத்திருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கத்து ஏச்சும் எனக்குத்தான்.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னர், மாரி மழையை நம்பிச் செய்கிற காலபோக நெல்லுக்கான கூட்டம் நடக்கும். அதிகாரிகள் மேசையில் இருப்பார்கள், கமக்காரர் அமைப்புக்காரர் முன்வரிசையில் இருப்பார்கள். விதைப்புத் தொடங்கும் திகதி, முடிக்கும் திகதி, எத்தனை மாத நெல், வாய்க்கால் துப்புரவு, வேலி அடைப்பு என்று தீர்மானங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். அவற்றோடு இன்னொரு வரியும் வரும்: இன்ன திகதிக்கு முன்னர் கால்நடைகளை வயல் நிலங்களிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். எல்லோரும் தலையாட்டுவார்கள், தேநீர் வரும், கூட்டம் கலையும். எங்கே அப்புறப்படுத்துவது என்பது மட்டும் எந்தத் தீர்மானத்திலும் இருப்பதில்லை. பதவியில் இருப்பவர்கள் மாறுகிறார்கள், அந்த வரி மாறுவதில்லை.

முந்தி அந்த வரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் தகப்பனார் காலத்தில் ஐப்பசி மழை இறங்கினால் மாடுகள் காட்டுப் பட்டிக்குப் போய்விடும். நாலைந்து குடும்பத்து மாடுகளை ஒன்றாகச் சாய்த்துக்கொண்டு போய், காட்டுக்குள் மேடான ஒரு வெளியில் மரக்கொப்புகளை அடுக்கிப் பட்டி அடைப்பார்கள். பக்கத்தில் ஒரு கொட்டில், அதில் முறை வைத்து ஆள் தங்கும். பின்னேரம் பச்சைக் குழை போட்டுப் புகை மூட்டினால் போதும், நுளம்புக் கடி தாங்காத மாடுகள் புகையைத் தேடித் தாங்களாகவே வந்து சேரும். காட்டுக்குள் ஒருவரின் மாடு இன்னொருவரின் மாட்டோடு கலந்தாலும் சண்டை வராது. குடும்பத்துக்கு ஒரு குறி, தொடையில் சுட்டிருக்கும். குறியைப் பார்த்தால் யாருடைய மாடு, எந்த ஊர் மாடு என்று சொல்லிவிடலாம்.

தை, மாசியில் அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலுக்கு இறங்கும். மாட்டைக் கண்டால் இன்று கல்லெடுக்கிற காணிக்காரர்கள் அன்று எங்களைத் தேடி வந்து, இந்த வருடம் என் வரவையில் பட்டி அடையுங்கோ என்று கேட்பார்கள். எல்லாம் எருவுக்காகத்தான். வைகாசிக்குப் பிறகு குளம் வற்ற வற்ற, தண்ணீர் விட்டுப்போன நிலத்தில் புல் முளைக்கும். ஆவணி, புரட்டாதி வரை மாட்டுக்கு அது போதும். ஆக வருடத்தில் எந்த மாதத்தை எடுத்தாலும் மாட்டுக்கென்று ஓர் இடம் இருந்தது. அந்த இடத்துக்கு யாரிடமும் உறுதி இல்லை, வரைபடம் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒவ்வொன்றாகப் போனபோது எங்களால் கேட்கவும் முடியவில்லை.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு நடந்தோம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, தெரியாதவர்கள் யார். திரும்பி வந்தபோது குறியை வைத்துச் சிலது கிடைத்தது, பலது கிடைக்கவில்லை. காட்டுக்குள் போனால் மிதிவெடிப் பலகை. வெடியை எடுத்து முடித்த இடங்களில் அடுத்து வனத்துறையின் எல்லைக்கல் வந்தது. ஒதுக்கக் காட்டுக்குள் மாடு மேய்ப்பது குற்றம் என்பது புதிய சட்டம் அல்ல, 1907ஆம் ஆண்டுக் காட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அது இப்போது நடைமுறையாகும் இடங்கள் கூடிவிட்டன. அதோடு, 2015இல் சுண்டிக்குளமும் மடு வீதிச் சரணாலயமும் வனஜீவராசிகள் சட்டத்தின் கீழ் தேசியப் பூங்காக்கள் ஆயின. காட்டைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காடு போனால் எங்கள் குளங்களுக்கு வருகிற தண்ணீரும் போகும், அது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காட்டின் கதவைச் சாத்தும்போது பட்டிக்கு வேறோர் இடத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

வெளியில் மிஞ்சியது குளத்து நிலம். கோடையில் அதற்குள்ளும் வேலி அடைத்து உழுந்தும் பயறும் போடுகிறார்கள். மிஞ்சிய புறம்போக்கில் தேக்கு நிற்கிறது, அல்லது யாரோ ஒருவரின் கம்பி வேலி நிற்கிறது. இரணைமடு போன்ற பெரிய குளங்களின் கீழ், தண்ணீர் இருக்கிற வருடம் சிறுபோகம் என்கிற கோடை நெல்லும் உண்டு. அங்கே இரண்டு போகத்துக்கும் இடையில் சில கிழமைகள்தான் வயல் மாட்டுக்குத் திறந்திருக்கும்.

பலர் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது, வைக்கோல். சூடடித்த காலத்தில் வைக்கோலைப் போராகக் குவித்து வைப்போம். மழை மாதங்களில் கறவை மாட்டுக்கும் கன்றுக்கும் அதுதான் தீன். இப்போது வெட்டும் மெஷின் ஒரு பக்கத்தால் நெல்லைக் கொட்டி மறுபக்கத்தால் வைக்கோலை வயல் முழுக்க இறைத்துவிட்டுப் போகிறது. அதைக் கூட்டி அள்ள ஆளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. நெருப்பு வைப்பதுதான் சுகம். மாசி மாதம் பின்னேரத்தில் ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போய்ப் பாருங்கள், இரு கரையிலும் புகை. எட்டு மாதம் கழித்துத் தீன் இல்லாமல் வீதிக்கு வரப்போகிற மாட்டின் சாப்பாடுதான் அப்படி எரிகிறது.

மாடு ஏன் வீதியில் படுக்கிறது என்று கேட்பவர்கள் கார்த்திகை மாதத்து இரவில் வெளியே வந்து சுற்றிப் பார்க்க வேண்டும். வயலெல்லாம் பயிர், குளமெல்லாம் தண்ணீர், வீட்டு வளவு சேறு. தார் வீதி ஒன்றுதான் காய்ந்த நிலம். பகல் வெயிலின் சூடு அதில் இரவிலும் கொஞ்சம் இருக்கும், வாகனம் போகிற காற்றுக்கு நுளம்பும் குறைவு. ரயில் பாதையும் அப்படித்தான். 1990இல் யாழ்தேவி நின்றது, 2013 செப்டெம்பரில்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனது. அவ்வளவு காலமும் அந்தப் பாதை எங்கள் மாடுகளுக்கு மேட்டு நிலம். ரயில் வந்துவிட்டது என்று மாட்டுக்கு யார் சொல்வது?

சரி, பிடித்து அடைக்கலாம். வீதியில் திரிகிற மாட்டைப் பிடிக்கப் பிரதேச சபைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். எனது பசு ஒன்றையும் ஒரு சபை பிடித்தது. தண்டப்பணமும் பராமரிப்புச் செலவும் கட்டி அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அது அங்கே நின்ற நாட்களில் கன்று வீட்டில் நின்று கத்தியது, பால் வற்றிப்போனது. எங்கள் நாட்டு மாடு கறப்பதே ஒன்றிரண்டு லீற்றர். அந்தத் தண்டப்பணத்தைப் பாலில் உழைப்பதென்றால் எத்தனை நாள் கறக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கொண்டுவந்த பசு மழை தொடங்கியதும் பழையபடி வீதிக்குத்தான் போனது. கட்டி வைத்து வளர்க்கலாமே என்பார்கள். ஒன்றிரண்டைக் கட்டலாம். பட்டி மாட்டைக் கட்டுவதற்குப் புல்லுக்கு எங்கே போவது?

கிளிநொச்சி வாசகர் சொல்வதில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பட்டணத்தில் இருந்துகொண்டு, கூலிக்கு ஒரு பொடியனை வைத்து, எத்தனை மாடு நிற்கிறது என்றே தெரியாமல் பெரிய பட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காதில் போட்ட இலக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மாடு பிடிபட்டால் என்னுடையது இல்லை என்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய மாட்டை ஏலத்தில் விடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தண்டம் கட்ட வருபவர்களில் அவர்களை நான் பெரிதாகக் காண்பதில்லை. ஐந்து மாடு, பத்து மாடு வைத்திருப்பவர்கள்தான் வருகிறார்கள். வீதியில் நிற்கும் மாட்டை இரவில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிற கள்ளர் கூட்டத்துக்கும் இழப்பது அவர்கள்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கூட்டத்தில் அந்த வரியை வாசிக்கும்போது கூடவே இடத்தின் பெயரையும் வாசியுங்கள். எந்தக் கிராம சேவையாளர் பிரிவில் எந்த அரச காணி சும்மா கிடக்கிறது என்று பிரதேச செயலகங்களுக்குத் தெரியும். அதில் ஒரு துண்டை மேய்ச்சல் தரை என்று அளந்து, கல் நாட்டி, வர்த்தமானியில் போட்டால் அடுத்த வருடம் அதில் யாரும் வேலி அடைக்க முடியாது. அது முடியும்வரைக்கும், ஐப்பசியிலிருந்து மாசி வரை மட்டும், காட்டின் ஓரத்தில் குறித்த பகுதிக்குள் பட்டி வைக்க வனத்துறை அனுமதிச்சீட்டுக் கொடுக்கலாம். மரத்தில் கை வைத்தால் சீட்டை ரத்துச் செய்யட்டும். வைக்கோல் கட்டும் மெஷினைக் கமக்காரர் அமைப்புகளுக்குக் கொடுத்தால் எரிப்பதில் பாதியாவது நிற்கும். மாட்டுக் கழுத்தில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் வார் கட்டுவது நாங்களே செய்யக்கூடியது, அதற்கு ஒருவரையும் பார்த்திருக்கத் தேவையில்லை.

அதோடு, கூட்டத்துக்கு மாட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். இப்போது நாங்கள் போனால் கமக்காரர் என்று போக வேண்டும், மாட்டைப் பற்றி வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவரே முறைக்கிறார்.

இந்த வருடக் கூட்டங்கள் இன்னும் சில கிழமைகளில் தொடங்கிவிடும். கிளிநொச்சி வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்துக் கூட்டத்தில் அந்த வரி வரும்போது எழுந்து, எங்கே என்று நீங்கள் கேளுங்கள். மாடில்லாத ஒருவர் கேட்டால் மேசையில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகக் குறித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
முல்லைத்தீவு மாவட்டம்