கேட்டால் மட்டும் போதாது, மகன்

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, கவலைப்படாதே.

போன ஞாயிறு கதைத்தபோது சின்னவளின் மிருதங்க வகுப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னாய். கூட்டிப் போய் வர நேரமில்லை, பாட்டு வேண்டுமென்றால் உலகத்துப் பாட்டெல்லாம் போனிலேயே இருக்கிறதே, கேட்கட்டும் என்றாய். நேரமில்லை என்பது எனக்கு விளங்குகிறது. மற்றப் பேச்சுத்தான் மனதை விட்டுப் போகவில்லை. போனில் மறுத்துச் சொன்னால் “சரி அம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பாட்டைக் கேட்க மட்டும் என்று ஆக்கியது மிக அண்மையில்தான், மகன். 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலை இசைத்தட்டில் பதிந்தார்கள். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925இல். ஜேர்மனியின் தெற்கே குகைகளில் கிடைத்த எலும்புப் புல்லாங்குழல்களுக்கு வயது ஏறக்குறைய 40,000 ஆண்டு. அவ்வளவு காலமும், பாட்டு வேண்டுமென்றால் பக்கத்தில் யாராவது பாட வேண்டும், இல்லையென்றால் நாமே பாட வேண்டும். பாடியவர்களும் பொழுது போகாமல் பாடவில்லை. பாட்டுக்கு ஒரு வேலை இருந்தது.

சல்லி ஊர்க் கடற்கரையில் அம்மப்பா கரைவலை இழுத்ததைச் சிறுவயதில் பார்த்துக்கொண்டே இருப்பேன். வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் “ஏலேலோ” என்று வாங்குவார்கள். அந்த வாங்கலில்தான் எல்லோருடைய பலமும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழும். வலை தூரத்தில் கிடக்கும்போது பாட்டு ஆறுதலாகப் போகும். மீன் சேரும் வலைமடி கரையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். யாராவது களைத்துப்போனால் அவர் பெயரை வைத்தே ஒரு அடி கட்டிவிடுவார்கள், அந்த ஆள் சிரித்துக்கொண்டே இன்னும் ஊன்றி இழுப்பார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனமும் பாட்டில் வரும். நேரே சொன்னால் வேலை போய்விடும். பாட்டில் சொன்னால் சம்மாட்டியும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பிறகு பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன், அம்மப்பாவின் உள்ளங்கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. ஐரோப்பாவின் பாய்க்கப்பல்களிலும் இதுவே நடந்தது. கயிறு இழுக்கவும் நங்கூரம் தூக்கவும் மாலுமிகளுக்கென்று பாட்டுகள் இருந்தன. நீராவிக் கப்பல் வந்ததும் அவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. வேலை போன பாட்டு மேடைக்கு வருகிறது. மேடையில் நாலு பேர் பாட, நானூறு பேர் கைதட்டுகிறார்கள். அதையும் இல்லாமல் செய்யச் சொல்லவில்லை, ஆனால் அது வேறு.

ஒப்பாரியும் அப்படித்தான். வெளியே வாய் திறக்க உரிமை இல்லாத பெண்கள், சாவீட்டில் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார்கள். புகுந்த வீட்டில் பட்டது, சகோதரன் கொடுக்காமல் விட்டது, பிள்ளையைப் பறிகொடுத்தது எல்லாம் அதற்குள் இருக்கும். ஒருவரும் தடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அது பாட்டு. எழுதத் தெரியாத எங்கள் பாட்டிமாரின் வரலாறு முழுக்க அதில்தான் இருந்தது, பெரும்பகுதி அவர்களோடே போய்விட்டது. களத்தில் நெல் தூற்றும்போது பாடும் பொலிப்பாட்டு, மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம்கள் கம்படித்துப் பாடி ஆடும் களிகம்பு என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரியதைச் சொல்லும்போது தெய்வத்தையும் உணவையும் சொன்ன அதே மூச்சில் பறையையும் யாழையும் சொல்கிறார். மக்கள் வாழ்கிற இடத்தில் அவையும் இருந்தே தீரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோணேசர் கோயிலை எடுத்துக்கொள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகம் உனக்கும் பாடம். இராமேசுவரத்தில் நின்றே நம் ஊரைப் பாடினார் என்பது மரபு. கடைசிப் பாட்டைத் தவிர மற்றதெல்லாம் “கோணமாமலை அமர்ந்தாரே” என்று முடியும். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1950இல் நிலத்துக்குள் இருந்து விக்கிரகங்கள் கிடைத்தன, 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கடலடியில் இடிபாடுகளைப் பார்த்தார்கள், 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. இடையில் முந்நூறு ஆண்டுக்கு மேல் அந்த மலையில் பழைய கோயில் இல்லை. பதிகம் இருந்தது. அங்கே யார் அமர்ந்திருந்தார், கடல் அலை முத்தை எப்படிக் கொழித்தது என்று பாடிக்கொண்டே இருந்தார்கள். கல்லை இடிக்க முடிந்தவர்களுக்குப் பாட்டை இடிக்க முடியவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. இடித்தவர்களும் பாட்டோடுதான் வந்தார்கள். பாலையூற்றில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் வயலின் வாசித்து ஆடுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? இன்று இலங்கை முழுக்க எந்தக் கொண்டாட்டத்திலும் போடுகிற பைலாவின் வேர் அங்கேதான் இருக்கிறது. கோட்டையும் ஆட்சியும் கைமாறிக்கொண்டே போயின. அந்த ஆட்டத்தாளம் நம்மோடு தங்கிவிட்டது. அதை அந்நியம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

நான் மனம் நொந்து சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இசையை உள்ளே எடுத்துக்கொண்டு இசைத்தவரை வெளியே நிறுத்திய சமூகம் நாங்கள். சங்க காலத்தில் மன்னன் அவையில் யாழோடு இருந்த பாணர், பிறகு தீண்டப்படாதவர் ஆனார்கள். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு, அந்தணரான திருநீலநக்கர் தன் வீட்டு வேள்வித்தீ பக்கத்திலேயே படுக்க இடம் கொடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தச் செய்தியை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், மற்ற வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். தேவாரத்துக்குப் பண் வகுத்துத் தந்தவளும் அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்பது மரபுவழிச் செய்தி. நம் ஊரில் செத்த வீட்டுக்குப் பறை வேண்டும், அடித்தவருக்கு முற்றத்தில் இருக்க இடமில்லை. இதை நான் கண்ணால் கண்டு வளர்ந்தேன்.

பாணரோடு யாழும் போயிற்று. அதன் வடிவத்தையும் சுருதிக் கணக்கையும் பழம் பாடல்களில் இருந்து திரும்பத் தேடி எடுக்க விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது. நமது இந்துக் கல்லூரிக்காகவும் பாடுபட்டவர் அவர். அவர் எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் காலமானார். வாசிக்கிற கை அறுந்தபிறகு ஒரு வாத்தியத்தை மீட்பது அவ்வளவு கடினம். அதுவும் வாத்தியத்தின் வடிவம்தான் கிடைத்தது. பாணர் அதை எப்படி மீட்டினார்கள் என்று சொல்லித் தர ஒருவரும் இல்லை.

அதனால் கேட்கிறேன், மகன். அந்த வகுப்பை நிறுத்தாதே. வாரத்துக்கு ஒன்று முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறை. சோதனை எழுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று அவளைப் போட்டு வருத்தாதே, அரங்கேற்றமும் வேண்டாம். மற்றப் பிள்ளைகள் பாட, அவள் கூட இருந்து வாசிக்கட்டும். அடுத்தவர் எங்கே மூச்செடுக்கிறார் என்று பார்த்துக் கை வைக்க அவளுக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டு அது வராது. வகுப்புக் காசை நான் அனுப்புகிறேன் என்றால் நீ கோபப்படுவாய், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை உங்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு நானே வீடியோவில் எடுக்கிறேன். பதிகத்தின் முதல் பாட்டை அவளுக்குச் சொல்லித் தரப் போகிறேன். நீயும் பக்கத்தில் இரு, வேலை என்று எழும்பிப் போகாதே. வீடியோவில் குரல் பிந்தி வருவதால் சேர்ந்து பாட முடியாது. நான் ஒரு அடி பாடி நிறுத்துவேன், நீங்கள் இரண்டு பேரும் திருப்பிப் பாடுங்கள். மருமகளும் வந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா