சுணைக்குத் தப்பிய பெட்டி

நீடாமங்கலம்
மாசி 10

அன்புள்ள குமார்,

உன் கடிதம் வந்த அன்று எங்கள் வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இத்தனை தாமதம், கோபித்துக்கொள்ளாதே. சம்பா நெல்லைக் காயப்போட்டு, ஈரப்பதத்தை 17 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

பெண் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறாள், உன் பையனுக்கு எந்தக் கேபினெட், அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி, வாங்கினாய் என்று எழுதியிருந்தாய். மூவாயிரம் ரூபாய்க்குள்தான் வாங்கினேன். கடையில் என் பையன் முதலில் கைகாட்டியது முன்பக்கம் முழுக்கக் கருங்கண்ணாடி போட்ட ஒன்றை. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். உள்ளே மூன்று மின்விசிறி வரிசையாகச் சுழல்கிறது. ஆனால் முகத்தைக் கண்ணாடி அடைத்துக்கொண்டிருப்பதால் ஓரத்தில் உள்ள சின்னக் கீற்றுகள் வழியாகத்தான் காற்று போகவேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊர் அறையில் அது என்ன பாடுபடும்! முன்பக்கம் சல்லடை மாதிரி துளை போட்ட தகடு உள்ளதைத்தான் எடுப்பேன் என்று நின்றுவிட்டேன். இரண்டு நாள் பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, சல்லடை என்றால் காற்றோடு தூசியும் வரும். நமக்குத் தூசி என்றால் வெறும் மண் இல்லையே. அறுப்புச் சமயத்தில் பறக்கிற நெல் சுணை இருக்கிறதே, உடம்பில் பட்டாலே அரிக்கும், அது விசிறி இறக்கையில் ஒட்டினால் லேசில் போகாது. பெட்டியின் மேல்பக்கத்தில் காந்த ஓரம் வைத்த வலை ஒன்று தருகிறார்கள். உரித்து எடுத்துக் குழாயடியில் கழுவி, காயவைத்துத் திரும்ப ஒட்டிவிடலாம். அடியில், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை காற்று இழுக்கிற இடத்திலும் ஒரு வலை உண்டு. அதைப் பின்பக்கமாகத்தான் உருவ முடியும், அதனால் சுவரோடு ஒட்டி வைக்காதே. விலை குறைந்த பெட்டியின் சூட்சுமம் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய வலை எதுவும் கிடையாது. நான் முதலில் பழைய கொசுவலையை வெட்டி வைத்தேன், சுணை நிற்கவில்லை. அப்பாவின் பழைய வேட்டித் துணியை வைத்தேன், சுணை நின்றது, காற்றும் நின்றுவிட்டது. கடைசியில் மெல்லிய நைலான் துணிதான் சரிப்பட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை முன்பக்கத்தைக் கழற்றித் தட்டிவிடுகிறோம். அடியில் விரலைக் கொடுத்து இழுத்தால் வந்துவிடும். மெதுவாக இழு, பிளாஸ்டிக் கொக்கிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு பக்கவாட்டில் டெம்பர்டு கண்ணாடி, சூடேற்றிக் கெட்டியாக்கியது. நடுவில் தட்டினால் ஒன்றும் ஆகாது. ஓரம் டைல்ஸ் தரையில் பட்டால் மட்டும் மொத்தமும் கற்கண்டுபோல் நொறுங்கிவிடும் என்று கடைக்காரர் பலமுறை சொல்லி அனுப்பினார். அதனால் கழற்றும்போதெல்லாம் கோரைப்பாயை விரித்து அதன்மேல்தான் வைப்பது. எதிர்ப்பக்கத்துத் தகடோ அப்பளம்தான். கையால் அமுக்கினால் உள்வாங்குகிறது. கும்பகோணத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்புக்குள் போவோமே, அங்கே இருந்த பழுப்புப் பெட்டிகளை இரண்டு பேர் பிடித்துத்தானே தூக்குவோம்!

பின்பக்கத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு வைக்க அங்கே உள்ள தகட்டுப் பட்டைகளை முறித்து எடுக்கவேண்டும். முறித்தால் திரும்ப மாட்ட முடியாது. அவசரத்தில் தப்பான பட்டையை முறித்துவிட்டேன். மறுவாரமே அந்தச் சந்து வழியாக ஒரு பல்லி உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, மிஷின் அணைந்திருந்தது. அம்மா பல்லி பலன் பார்க்கக் காலண்டரைத் தேடினாள். இப்போது அந்தச் சந்துக்குத் தகட்டுத் துண்டு ஒன்று வாங்கி மூடிவிட்டேன். நீ எண்ணிப் பார்த்து முறி.

பெட்டியில் இருக்கிற விளக்குகளைப் பற்றி என்ன சொல்ல? கோயில் திருவிழா சீரியல் செட் தோற்றுப்போகும். இன்னும் மலிவான பெட்டியில் அதை அணைக்கவே முடியாது, ராத்திரி முழுக்க மினுக்கும். இதில் அதற்கென்று பட்டன் இருக்கிறது. ஆனால் அது, மிஷினை மறுபடி தொடங்கவைக்கிற ரீசெட் பட்டனின் வயரைப் பிடுங்கி விளக்குக்குக் கொடுத்தது. மிஷின் உறைந்து நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. யுஎஸ்பி துளைகள் மேல்பக்கத்தில் வானம் பார்த்து இருக்கின்றன, அதற்கு ரப்பர் மூடி வாங்கிக்கொள்.

முக்கியமானதை மறந்துவிட்டேன். முதல் வாரம் பின்பக்க ஸ்க்ரூவில் கை பட்டபோதெல்லாம் சுர்ரென்றது. பெயிண்ட் அடித்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைக் குறை சொல்லிவிட்டுப் பார்த்தால், எங்கள் பழைய வீட்டு பிளக்கில் எர்த்தே இல்லை! பவர் சப்ளையில் லேசாகக் கசிகிற மின்சாரம் மண்ணுக்கு இறங்க வழி இல்லாமல் தகட்டிலேயே நின்றிருக்கிறது. கொல்லையில் குழி எடுத்து, உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கிய பிறகுதான் நின்றது. உன் வீடும் அந்தக் காலத்து வீடுதானே? பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடு. ஐப்பசி மழையில் உங்கள் கூடத்துக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கிறது, தரையிலும் வைக்காதே, மேஜைமேல் வை.

அப்புறம், இந்தக் காலத்துப் பெட்டியில் சிடி போடுகிற இடமே கிடையாது. முன்பக்கம் முழுக்க விசிறிக்கே சரியாகிவிட்டது. என் கல்யாண நாகஸ்வரக் கச்சேரி சிடி பீரோவில் சும்மா கிடக்கிறது. உன்னிடம் வெளியே மாட்டுகிற சிடி ட்ரைவ் ஒன்று இருந்ததே, பங்குனியில் ராஜகோபாலசாமி கோயில் திருவிழாவுக்கு மன்னார்குடி வரும்போது கையோடு எடுத்து வா.

அன்புடன்,
ரவி