லிங்கனின் அப்பா செருப்புத் தைத்தவர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தன்னம்பிக்கைப் பக்கத்தில் ஆபிரகாம் லிங்கன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற அன்று செனட்டில் ஒரு பணக்காரர் எழுந்து, உங்கள் அப்பா தைத்த செருப்பைத்தான் நான் காலில் போட்டிருக்கிறேன் என்று கேலி செய்தாராம், பிய்ந்துபோனால் கொடுங்கள், எனக்கும் தைக்கத் தெரியும் என்று லிங்கன் பதில் சொன்னாராம். வாட்ஸ்அப்பில் இந்தக் கதை சுற்றாத வாரமே இல்லை, பள்ளி ஆண்டு விழா மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் இப்படி ஒன்று நடக்கவே இல்லை. லிங்கனின் அப்பா தாமஸ் லிங்கன் விவசாயி, கூடவே தச்சு வேலை தெரிந்தவர். செருப்புத் தைத்துப் பிழைத்தார் என்பதற்குப் பதிவு எதுவும் கிடையாது. மகன் பதவியேற்றது 1861 மார்ச் 4 அன்று, நாடாளுமன்றக் கட்டடத்தின் கிழக்கு வாசலில், திறந்தவெளியில். அப்போது அப்பா இறந்தே பத்து வருடம் ஆகியிருந்தது.

செருப்புத் தைப்பது குறைவான தொழில் என்று நினைத்து நான் இதை எழுதவில்லை, அந்த எண்ணம் எனக்கு இல்லை. என் வருத்தம் என்னவென்றால், இல்லாத ஒரு செருப்புத் தொழிலாளியைப் புகழ்ந்துவிட்டு, இருந்த மனிதரை அதே கட்டுரையின் கீழ்ப்பத்தியில் "படிப்பில்லாத, ஊர் ஊராகத் திரிந்த சோம்பேறித் தகப்பன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஊர் ஊராகப் போனது உண்மைதான். ஏன் போனார் என்று யாரும் கேட்பதில்லை. நிலம் வாங்கி, வில்லங்கத்தில் மாட்டி, பத்திரமும் கையுமாக நீதிமன்றத்துக்கு அலைந்த குடும்பங்கள் நம் வாசகர்களில் எத்தனையோ இருக்கும், அவர்களுக்கு இந்த மனிதரின் கதை சட்டென்று புரியும்.

அந்தக் குடும்பம் அமெரிக்கா வந்தது 1637இல். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து சாமுவேல் லிங்கன் என்ற நெசவுத் தொழில் பழகிய இளைஞர் மாசசூசெட்ஸில் வந்து இறங்கினார். அதற்கப்புறம் தலைமுறைக்குத் தலைமுறை மேற்கேயும் தெற்கேயும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, அங்கிருந்து வர்ஜீனியா. தாமஸ் 1778இல் வர்ஜீனியாவில் பிறந்தார். அவருடைய அப்பா பெயரும் ஆபிரகாம்தான். அவர் 1782 வாக்கில் குடும்பத்தோடு கென்டக்கிக்குப் போய் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் சேர்த்தார். 1786இல் ஒருநாள் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பூர்வகுடி மக்கள் சிலர் நடத்திய தாக்குதலில் சுடப்பட்டு இறந்தார். பக்கத்தில் இருந்தது எட்டு வயது தாமஸ். அவனைத் தூக்கிப்போக வந்தவரை மூத்த அண்ணன் மொர்தக்காய் வீட்டுக்குள்ளிருந்து குறிபார்த்துச் சுட்டதால்தான் பையன் பிழைத்தான். மற்ற எல்லாவற்றையும்விடத் தன் மனதில் ஆழமாகப் பதிந்த குடும்பக் கதை இதுதான் என்று பின்னாளில் லிங்கனே உறவினர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். கென்டக்கியும் யாரும் இல்லாத வெற்று நிலம் கிடையாது, அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்களைத் தள்ளிவிட்டுத்தான் குடியேறினார்கள், அந்தச் சாவுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

சரி, அப்பா போனதும் என்ன ஆனது? கென்டக்கி அப்போது வர்ஜீனியாவோடுதான் சேர்ந்திருந்தது, அன்றைய வர்ஜீனியா சட்டப்படி உயில் இல்லாத சொத்து மூத்த மகனுக்கே சேரும். 5,000 ஏக்கருக்காரர் பிள்ளை தாமஸுக்கு ஒரு காணி கூடக் கிடைக்கவில்லை. சின்ன வயதிலேயே கூலி வேலை, அங்கங்கே தங்கல், அதில் பள்ளிக்கூடம் எங்கிருந்து வரும்? கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கு எழுத வராது என்று மகனே எழுதினார், அது மட்டும்தான் நமக்கு நினைவிருக்கிறது. தச்சு வேலை கற்று, கூலியில் மிச்சம் பிடித்து, 1803இல் கென்டக்கியில் மில் கிரீக் என்ற இடத்தில் 238 ஏக்கரை 118 பவுண்டுக்கு வாங்கினார் என்பதை யாரும் சொல்வதில்லை. 1806இல் நான்சி ஹாங்ஸைக் கல்யாணம் செய்தார். 1808 டிசம்பரில் சிங்கிங் ஸ்பிரிங் என்ற பண்ணையை 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார், அங்கேதான் 1809 பிப்ரவரி 12இல் ஆபிரகாம் பிறந்தான். 1814இல் அந்த வட்டாரத்து வரிப் பட்டியலில் இருந்த 98 சொத்துக்காரர்களில் தாமஸுக்கு 15வது இடம். சோம்பேறிக்கு இது எப்படி முடியும்?

இனிமேல்தான் வில்லங்கம். அன்றைய கென்டக்கியில் அரசு சர்வே என்று ஒன்று கிடையாது. வாங்குகிறவரே ஆள் வைத்து அளந்துகொள்ள வேண்டும், இந்த ஓக் மரத்திலிருந்து அந்தப் பாறை வரை, அங்கிருந்து ஓடைவரை என்று எழுதிக்கொள்வார்கள். மரம் விழுந்தால் எல்லை போச்சு. ஒரே நிலத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். மில் கிரீக்கில் அளவு தப்பாக இருந்ததால் 238 ஏக்கர் என்று வாங்கியதை 200 ஏக்கர் என்றுதான், அதுவும் 100 பவுண்டுக்கு, விற்க முடிந்தது. சிங்கிங் ஸ்பிரிங்கில் பழைய கடன் பாக்கிக்காக முன்னாள் சொந்தக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார், நிலம் கைவிட்டுப் போனது. அதற்குள் 1811இல் நாப் கிரீக் என்ற இன்னொரு பண்ணைக்கு மாறியிருந்தார்கள். அங்கேயும் பிலடெல்பியா பக்கத்து வாரிசுகள் வந்து, இந்தப் பண்ணை இருக்கும் 10,000 ஏக்கரும் எங்களுடையது, காலி செய் என்று சொல்லி வழக்குப் போட்டார்கள். மூன்று நிலம், மூன்றிலும் சிக்கல்.

அந்த நாப் கிரீக் பற்றி லிங்கன் நினைவு வைத்துச் சொன்ன ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை மற்றப் பையன்கள் மக்காச்சோளம் விதைக்க, சிறுவன் லிங்கன் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், ஒரு குழி விட்டு ஒரு குழியில் இரண்டிரண்டு பூசணி விதை போட்டான். மறுநாள் மலையில் பெருமழை. கீழே பள்ளத்தாக்கில் ஒரு துளி இல்லை. மேலிருந்து வந்த வெள்ளம் சோளம், பூசணி விதை, மண் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது.

1816 டிசம்பரில் ஒஹையோ ஆற்றைத் தாண்டி இந்தியானா போனார்கள். கொஞ்சம் அடிமை முறையின் காரணமாக, முக்கியமாக நிலப் பத்திரச் சிக்கல் காரணமாக அப்பா கென்டக்கியை விட்டார் என்று லிங்கனே 1860இல் எழுதியிருக்கிறார். இந்தியானாவில் அரசே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து எல்லை குறித்து விற்றது, பத்திரத்தில் யாரும் கை வைக்க முடியாது. 1817இல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் ஏக்கர் 2 டாலர் வீதம் 160 ஏக்கருக்குத் தாமஸ் பதிந்தார். தவணை கட்டுவது கஷ்டமாக இருந்ததால் 1827இல் பாதியைத் திருப்பிக் கொடுத்து, மீதி 80 ஏக்கரை முழுசாகத் தன் பெயருக்கு ஆக்கிக்கொண்டார்.

நடுவில் 1818. அந்த இலையுதிர் காலத்தில் புல் காய்ந்ததும் மாடுகள் காட்டுக்குள் போய் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு விஷச்செடியை மேய்ந்தன. அந்த மாட்டுப் பாலைக் குடித்தவர்களுக்கு நடுக்கம், வாந்தி, சில நாளில் மரணம். பால்நோய் என்றே அதற்குப் பெயர், காரணம் அந்தச் செடிதான் என்று அங்கே குடியேறியவர்களுக்கு அப்போது தெரியாது. முதலில் உறவுக்காரத் தம்பதி இறந்தார்கள், அக்டோபர் 5 அன்று நான்சியும் போனார். தாமஸே பலகை அறுத்துச் சவப்பெட்டி செய்தார், ஒன்பது வயது மகன் அதற்கு மர ஆணி செதுக்கிக் கொடுத்தான் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடம் தாமஸ் கென்டக்கிக்குப் போய், மூன்று குழந்தைகளோடு இருந்த விதவை சாரா புஷ்ஷைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். மரவீட்டுக்குத் தரைப் பலகை போட வைத்ததும், ஆபிரகாமைப் படிக்க விட்டதும் அந்தச் சித்தி என்பார்கள்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. 21 வயது வரை மகன் சம்பாதிக்கும் கூலி அப்பாவுக்குத்தான் என்பது அந்தக் கால வழக்கம், பக்கத்துப் பண்ணைகளுக்குக் கோடரியோடு அனுப்பப்பட்டதை லிங்கன் கசப்போடுதான் நினைத்தார். 1830இல் குடும்பம் இலினாய் போனது, அடுத்த வருடமே மகன் தனியாகப் போய்விட்டார். 1841இல் 200 டாலர் கொடுத்து அப்பாவின் பண்ணையில் 40 ஏக்கரைத் தன் பெயருக்கு வாங்கி, பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அவர்களே அனுபவிக்கட்டும் என்று எழுதிவைத்தார். ஆனாலும் 1851 ஜனவரியில் அப்பா சாகக் கிடந்தபோது, இப்போது சந்தித்தால் மகிழ்ச்சியைவிட வேதனைதான் அதிகமாக இருக்கும் என்று எழுதி அனுப்பினார், போகவில்லை. சவ அடக்கத்துக்கும் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பிறந்த கடைசி மகனுக்குத் தாமஸ் என்று பெயர் வைத்தார்.

மூன்று முறை பத்திரத்தால் அடிபட்ட அந்த விவசாயியின் மகன் வாலிபத்தில் சர்வேயர் வேலை பார்த்தார், அப்புறம் வக்கீல் ஆனார், 1862 மே 20 அன்று ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் அரசு அளந்து எல்லை குறித்த 160 ஏக்கர், சின்னக் கட்டணத்தோடு சொந்தமாகும் என்பது அந்தச் சட்டம். அப்படிக் கொடுத்த நிலமும் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்ததுதான், அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செருப்புக் கதையும் வேண்டாம், லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாக எல்லாரும் பகிரும் அந்தக் கடிதமும் வேண்டாம், அவர் எழுதியதற்கு அதற்கும் ஆதாரம் கிடையாது. தாமஸ் லிங்கன் பற்றி ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், பள்ளிக்கூட மேடைக்குச் சொல்ல அதிலேயே விஷயம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்