டீசல் பம்ப்புக்கு மூணு லட்சம், ஒத்த வண்டிக்காரன் எங்கீங்க போவான்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

நாமக்கல் பக்கம் ஒரே ஒரு லாரிய வெச்சு பொழைக்கிறவன் நான். டீசல் வெல, டோல்கேட், இன்சூரன்ஸ், டயர் இதப்பத்தியெல்லாம் உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, வரட்டும், வேண்டியதுதான், ஆனா அதெல்லாம் முன்னாடியே கணக்குல எழுதி வெச்சுக்கற செலவு. சொல்லாம கொள்ளாம ஒரே ராத்திரில வந்து வண்டிக்காரன மொடக்கி போடற செலவு ஒண்ணு இருக்குங்க, டீசல் பம்ப், பங்க்ல இருக்கறது இல்ல, இன்ஜினுக்கு டீசல் தள்ளுற பம்ப். அத மாத்தறதுக்கு நான் கட்டுன பில்ல பத்திதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க, பில்லு கணக்க மட்டும் வெட்டிராதீங்க.

2025 ஆடி மாசம். கர்நாடகா தாவணகெரேல மக்காச்சோளம் ஏத்திட்டு நம்மூரு கோழித்தீவன மில்லுக்கு வண்டி வந்துட்டு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவர் தம்பி போன் பண்றான். 'அண்ணா, ஹிரியூர் தாண்டுனதுல இருந்து வண்டி இழுக்கவே மாட்டேங்குது, சின்ன மேட்டுக்கே கியர் எறக்க வேண்டியிருக்கு, இன்ஜின் லைட்டு வேற எரியுது'ங்கறான். ஓரங்கட்டி ஃபில்டர கழட்டி பாருன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப கூப்பிட்டான், 'கிண்ணத்துல வெள்ளிப்பொடி மாதிரி மினுக்குதுங்ணா'ன்னான். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. சிராவுக்கு முன்னாடியே வண்டி நின்னுருச்சு, அப்புறம் செல்ஃப் அடிச்சா அடிச்சுக்கிட்டேதான் இருக்கு, இன்ஜின் புடிக்கல.

வெள்ளிப்பொடின்னா என்னனு வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்கு சொல்றேன். 2020 ஏப்ரல்ல இருந்து வர்ற பிஎஸ்6 வண்டில, அதாவது புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்ச வண்டில, ஹை பிரஷர் பம்ப் ஒண்ணு இருக்கும், அது டீசல அழுத்தி ரெயில்ங்கற ஒரு கனமான கொழாய்க்குள்ள தள்ளும், அங்கருந்து இன்ஜினுக்குள்ள டீசல பீச்சற ஆறு இன்ஜெக்டருக்கும் போகும். எவ்ளோ அழுத்தம்னா 1,600 பார், 2,000 பார் வரைக்கும் போவுமுங்க. நம்ம லாரி டயர்ல புடிக்கிற காத்து 120 பவுண்டு, அது 8 பார்தான், அப்ப இது 200 மடங்குக்கு மேல. அந்த அழுத்தம் தாங்கறதுக்கு உள்ள இருக்கற சாமான்கள்ல ஒண்ணுக்கொண்ணு நடுவுல ரெண்டு மூணு மைக்ரான் சந்துதான் விட்டிருப்பாங்க, தலமுடி தடிமன்ல இருபதுல ஒரு பங்குகூட வராது. இன்ஜினுக்கு ஆயில் இருக்கு, கியர்பாக்ஸுக்கு ஆயில் இருக்கு, இந்த பம்ப்புக்கு வழுவழுப்பு குடுக்கறது அது தள்ளுற டீசலேதான். டீசல்ல தண்ணி வந்தாலோ தூசி வந்தாலோ டேங்க் வத்தி காத்து இழுத்தாலோ இரும்போட இரும்பு ஒரசி பொடியா கெளம்பும், அந்த பொடி ரெயிலுக்கு போகும், இன்ஜெக்டருக்கு போகும், ரிட்டர்ன் லைன்ல டேங்குக்கே திரும்பி வரும், மறுபடி ஃபில்டருக்கு வரும். அதனால பம்ப் போச்சுன்னா பம்ப் மட்டும் போறதில்ல. பம்ப்ப மட்டும் மாத்தி ஓட்டுனா மிச்சமிருக்கற பொடி புது பம்ப்பையும் தின்னுரும்.

லோட மாத்து வண்டில ஏத்தி விட்டோம், பார்ட்டி வாடகைல புடிச்சது தனி. நம்ம வண்டிய கட்டி இழுத்துட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போக 14,000. கம்பெனி பேரு வேண்டாமுங்க, எல்லா கம்பெனியும் இதே கததான். வாரன்டி இன்னும் முடியல, 2021 வண்டி. தைரியமாத்தான் போனேன்.

அங்க ஒரு தம்பி டேங்க்ல இருந்து கொஞ்சம் டீசல தண்ணி பாட்டில்ல புடிச்சாரு, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கி பாத்தாரு, 'தண்ணி கலந்துருக்கு சார், வாரன்டி வராது'ன்னாரு. அவ்ளோதான், முடிஞ்சுது. எங்கூர்ல சொசைட்டிக்கு ரெண்டு லிட்டர் பால் கொண்டுபோய் ஊத்துனாக்கூட லாக்டோமீட்டர விட்டு பாத்துட்டுதான் தண்ணின்னு சொல்லுவாங்க. இங்க மூணு லட்ச ரூபா சமாச்சாரம், வெளிச்சத்துல பாத்து சொல்றாங்க. டீசல் ஒரு கிலோவுல 200 மில்லிகிராம் வரைக்கும் தண்ணி இருக்கலாம்னு தர அளவே இருக்கு, அதுக்கு மேல இருக்கா கீழ இருக்கானு லேப்ல பாத்தாதானே தெரியும்? ரிப்போர்ட் குடுங்கனு கேட்டேன். அப்படியெல்லாம் குடுக்கறதில்ல சார்னு பதில். சரி அந்த பாட்டில்ல பாதிய எனக்கு குடுங்கனு கேட்டு வாங்கி மூடிய டேப் போட்டு சுத்தி தேதி எழுதி வெச்சுக்கிட்டேன்.

இன்சூரன்ஸ்லயும் கேட்டு பாத்தேன். இடிச்சா குடுப்பாங்க, கவுந்தா குடுப்பாங்க, திருட்டு போனா குடுப்பாங்க, மெக்கானிக்கல் பிரேக்டவுன் பாலிசில சேராதுனு எழுதியே இருக்கு. படிச்சு பாக்காதது நம்ம தப்புதான்.

இப்ப பில்லு. பம்ப் 78,000. இன்ஜெக்டர் ஒண்ணு 19,500, ஆறுக்கு 1,17,000. ரெயிலும் பைப்பும் 26,500. ஃபில்டர், வாஷர், சில்லறை சாமான் 6,200. பார்ட்ஸ் மட்டும் 2,27,700 ஆச்சுங்களா, அதுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி 63,756. டேங்க எறக்கி கழுவி எல்லாம் மாட்டி ஸ்கேனர் போட்டதுக்கு கூலி வரியோட 21,240. மொத்தம் 3,12,696 ரூபா. பதினோரு நாள் வண்டி அங்கயே நின்னுது, அந்த மாச டியூ 58,000 மட்டும் தேதி தப்பாம பேங்க்ல எடுத்துட்டான். டியூ, டயர், டிரைவர் சம்பளம், பேட்டா எல்லாம் போக நல்ல மாசத்துல எனக்கு கையில நிக்கிறது 25,000. நீங்களே வகுத்து பாருங்க, ஒரு வருஷ சாப்பாடு அந்த பில்லுல போயிருச்சு. ஊட்டுக்காரி நகைய வெச்சுதான் கட்டுனேன்.

இதுல ஒரு கூத்து கேளுங்க. நான் ஆகஸ்ட்ல கட்டுனேன், செப்டம்பர் 22-ம் தேதி வண்டி பார்ட்ஸுக்கெல்லாம் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18-ஆ கொறஞ்சுது. ஒரு மாசம் தள்ளி வண்டி நின்னுருந்தா 22,770 ரூபா மிச்சம். வண்டி நிக்கறதுக்கு நாள் நேரம் பாத்தா நிக்குது. வரிய கொறச்சது நல்லதுதான், இல்லைங்கல, ஆனா பெரிய கம்பெனிக்காரங்க பார்ட்ஸுக்கு கட்டுன வரிய அவங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்க வழி இருக்கு, எங்கள மாதிரி ஜிஎஸ்டி நம்பரே இல்லாத ஒத்த வண்டிக்காரனுக்கு 28-ஓ 18-ஓ கைய விட்டு போனது போனதுதான்.

எங்கய்யா காலத்து வண்டியும் ஓட்டுனவன் நான், அதனாலதான் வயிறு எரியுது. அப்ப இன்லைன் பம்ப். பெங்களூர்ல 1951-ல ஆரம்பிச்ச மைக்கோ கம்பெனி, 2008-ல பேரு பாஷ்னு மாறிருச்சு, ஆனா எங்கூரு மெக்கானிக் இன்னிக்கும் மைக்கோ பம்ப்புனுதான் சொல்லுவாரு. ஆறு சிலிண்டருக்கு டீசல அழுத்தற ஆறு எலிமென்ட், ஆறு டெலிவரி வால்வு, புகை கக்குனாலோ மைலேஜ் கொறஞ்சாலோ பம்ப்ப கழட்டி சாக்குல சுத்தி பஸ்ல சங்ககிரிக்கு கொண்டு போயிருவோம். அங்க பம்ப் ரூம்ல, அதாவது பம்ப் ரிப்பேர் பட்டறைல, அத டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி ஆறு கண்ணாடி குழாய்லயும் டீசல் ஒரே மட்டம் வருதானு பாப்பாங்க, தேஞ்ச எலிமென்ட்ட மாத்தி காலிபரேஷன் பண்ணி சீல் ஒயர் குத்தி குடுப்பாங்க. மாட்டிட்டு ஸ்குரூவ லூஸ் பண்ணி கையால பிரைமர அமுக்கி அமுக்கி நொரை நிக்கற வரைக்கும் ஏர் எடுத்தா வண்டி ஒரே செல்ஃப்ல புடிச்சுக்கும். கடைசியா நான் அப்படி பண்ணப்ப 14,000 ஆச்சு. மறுநாள் லோடுக்கு போயாச்சு.

அதுக்காக பழைய வண்டியே வேணும்னு நான் சொல்லலைங்க. அந்த கரும்புகைய மூஞ்சில வாங்குனவன் யாரும் அப்படி சொல்ல மாட்டான். பிஎஸ்3 டீசல்ல கந்தகம் 350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 350 பங்கு, 2017-ல நாடு முழுக்க வந்த பிஎஸ்4-ல 50, இப்ப 10தான். புள்ளைங்க மூச்சு விடற காத்துக்கு அது நல்லது. கந்தகத்த எடுக்கறப்ப டீசலோட வழுவழுப்பும் சேந்து போயிரும், அத சரிகட்ட ரிஃபைனரிலயே மருந்து கலக்கறாங்க. எல்லாம் சரிங்க. வண்டி மாறிருச்சு, டீசல் மாறிருச்சு, ரிப்பேர் பண்றவன் மட்டும் எங்க போனான்? அதுதான் என் கேள்வி.

சங்ககிரில அதே பம்ப் ரூம் இன்னும் இருக்கு. அண்ணன் முப்பது வருஷமா அதே தொழில். என் பில்ல பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டாரு. 'ஆறு இன்ஜெக்டர்ல ரெண்டு மூணு தேறிருக்கும்டா தம்பி, கழட்டி பாத்துருக்கலாம்'ன்னாரு. ஏண்ணா நீங்களே பண்ணிருக்கலாமேன்னேன். அவரு சொன்னது இதுதான்: இந்த ரெயில் வெச்ச புது வண்டிக்கான காமன் ரெயில் டெஸ்ட் பெஞ்ச் லோன் போட்டு வாங்கிட்டாரு, வேலையும் கத்துக்கிட்டாரு, ஆனா அந்த பம்ப்புக்கு உள் சாமான் தனியா விக்க மாட்டேங்கறாங்க, பம்ப்பாத்தான் வாங்கணும். அது போக ஒவ்வொரு இன்ஜெக்டர் தலைலயும் ஒரு கோட் நம்பர் அடிச்சிருக்கும், புதுசா மாட்டுனா அந்த நம்பர வண்டி கம்ப்யூட்டர்ல ஏத்தணும், ஏத்தலைன்னா வண்டி ஒதறும், புகையும், பவர் எடுக்காது. அத ஏத்தற சாஃப்ட்வேர் கம்பெனி ஆளுங்க லேப்டாப்ல மட்டும்தான் இருக்கு. தொழில் தெரிஞ்சவரு வாசல்ல நிக்கிறாரு, சாவி இன்னொருத்தர் இடுப்புல தொங்குது.

இது ஒண்ணும் புது வழக்கு இல்ல. கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் சாஃப்ட்வேரையும் வெளி மெக்கானிக்குக்கு குடுக்காம அமுக்கறாங்கனு 2014 ஆகஸ்ட்லயே போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி அபராதம் போட்டுச்சு. அப்புறம் அப்பீலு, கோர்ட்டுனு இழுத்துக்கிட்டு போச்சு. 2022-ல மத்திய அரசு ரிப்பேர் உரிமைனு ஒரு கமிட்டி போட்டு அந்த வருஷ கடைசில வெப்சைட்டும் தெறந்தாங்க, அதுல செல்போனு, டிவி, ஃப்ரிட்ஜு, டிராக்டர் மாதிரி விவசாய சாமான், வண்டினு நாலு வகையும் சேத்திருந்தாங்க. வெப்சைட்ல சர்வீஸ் சென்டர் போன் நம்பர் கெடைக்குதுங்க. எங்க பம்ப் ரூம் அண்ணனுக்கு வேண்டியது போன் நம்பரா?

என் பக்கத்து தப்பையும் சொல்லிடறேன், இல்லைன்னா நியாயமா இருக்காது. அந்த டிரிப்புக்கு முந்தின மாசம் ஃபில்டர் மாத்தறப்ப கம்பெனி ஃபில்டர் வாங்காம ரோட்டோர கடைல பாதி வெலைக்கு வாங்கி மாட்டிருக்கோம். டப்பா, எழுத்து எல்லாம் அச்சு அசல் மாதிரியே இருந்துச்சு. உள்ள பேப்பர் எத்தன மைக்ரான் புடிக்கும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். டீசல்ல இருந்து தண்ணிய பிரிக்கற செப்பரேட்டர் அடில இருக்கற திருகாணிய தெறந்து தண்ணிய வடிக்கச் சொல்லி டிரைவர்கிட்ட சொல்லிருக்கேனான்னா, சொல்லிருக்கேன், வடிச்சானானு பாத்ததில்ல. இப்ப வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி தெனமும் வடிச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடச் சொல்லிருக்கேன், தம்பி திட்டிக்கிட்டே போடறான். டீசல் போடறப்ப பங்க்ல டென்சிட்டி, அதாவது டீசலோட அடர்த்தி, எவ்ளோனு கேட்டு, ரெஜிஸ்டர்ல இருக்கறதுக்கும் மீட்டர்ல காட்டறதுக்கும் 3 பாயின்ட்டுக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாதுனு பாக்கறோம். கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கு, வரிசைல பின்னாடி நிக்கறவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். தெரிஞ்ச வண்டி ஒண்ணுல கிளீனர் பையன் தூக்கக் கலக்கத்துல புகைய சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்தற ஆட்புளூவ டீசல் டேங்க்ல ஊத்திட்டான், அந்த கணக்கு என் கணக்க விட பெருசு, அதனால ரெண்டு மூடிலயும் பெயின்ட்ல பெருசா எழுதி வெச்சிருக்கேன்.

ஆனா என் தப்புன்னா என் தப்புனு நிரூபிச்சுட்டு காச வாங்கட்டும்ங்கறேன். வாரன்டி இல்லைனு சொல்றப்ப லேப் ரிப்போர்ட் எழுத்துல குடுக்கணும்னு ஒரு விதி போட்டா போதும், பாதிப் பேரு தப்பிச்சுக்குவோம். பம்ப் உள் சாமானையும் அந்த சாஃப்ட்வேரையும் காசு வாங்கிக்கிட்டே எங்கூரு பம்ப் ரூமுக்கு விக்கட்டும், இனாமா யாரும் கேக்கல. லாரி ஓனர் சங்கத்துக்காரங்க டோல்கேட்டுக்கும் டீசலுக்கும் ஸ்ட்ரைக் அறிவிக்கறப்ப இந்த ரெண்டையும் கோரிக்கைல சேக்கணும்னு போன மாச கூட்டத்துல எந்திரிச்சு சொன்னேன், கைதட்டுனாங்க, மினிட்ஸ்ல எழுதுன மாதிரி தெரியல.

பழைய பம்ப்ப சர்வீஸ் சென்டர்ல விட்டுட்டு வந்தா 4,000 கழிச்சுக்கறோம்னாங்க. குடுக்கல, திண்ணைல கெடக்கு. பக்கத்துல அந்த டேப் சுத்துன டீசல் பாட்டிலும் இருக்கு. தனி ஆளு கொண்டுபோய் குடுத்தா டீசல டெஸ்ட் பண்ணி சீல் வெச்ச ரிப்போர்ட் தர்ற லேப் நம்ம சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் எங்க இருக்கு, எவ்ளோ ஆகும்னு விசாரிச்சு உங்க பேப்பர்ல போட்டீங்கன்னா நானே பஸ் ஏறி கொண்டு போயிருவேனுங்க.

இப்படிக்கு,
ஒத்த வண்டி ஓனர்,
நாமக்கல் மாவட்டம்.