பாப்பாவிடம் சொல்லிவிடு

அன்பு மகனுக்கு,

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் வேறு எதிலும் நிற்கவில்லை. பேசினால் பாதியில் பேச்சு வேறு எங்காவது போய்விடும் என்பதால் எழுதுகிறேன். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. நீயும் மருமகளும் சிக்கனமானவர்கள், சமாளித்துவிடுவீர்கள். பாப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று கிரெடிட் கார்டில் அவளுக்கு விலை உயர்ந்த ஷூ வாங்கியதும், பள்ளிச் சுற்றுலாவுக்கும் கடன் வாங்கிக் கட்டப்போவதாகச் சொன்னதும்தான் உறுத்துகிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு வீட்டுக் கஷ்டம் எதற்கு என்று கேட்டாய். அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' என்று ஓர் ஈரானியப் படம், மஜித் மஜிதி எடுத்தது. 1997இல் வந்தது. வெளிநாட்டுப் படங்களுக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரை பெற்ற முதல் ஈரானியப் படம் அதுதான். இந்தக் கதையைத் தழுவி 'அக்கா குருவி' என்று தமிழிலும் 2022இல் ஒரு படம் வந்தது. நீ பாரசீகப் படத்தையே முதலில் பார். உன் தங்கைதான் எனக்கு அதைப் போட்டுக் காட்டினாள். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உன்னிடம் பேசிய பிறகு அந்தப் படமே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

டெஹ்ரானில் ஓர் ஏழைக் குடும்பம். அலி என்ற பையனுக்கு ஒன்பது வயது. தங்கை ஸஹ்ராவின் பழைய இளஞ்சிவப்பு ஷூவைத் தைக்கக் கொடுத்து வாங்கி வரும் வழியில் காய்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான். பழைய சாமான் எடுப்பவர் தெரியாமல் அந்தப் பையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறார். அவ்வளவுதான் கதை, ஒரு ஜோடி ஷூ.

ஷூ தொலைந்த அன்று இரவு வருகிற காட்சியைத்தான் நீ பார்க்க வேண்டும். வீடு என்பதே ஓர் அறை. அம்மா முதுகு வலியோடு படுத்திருக்கிறாள். கைக்குழந்தை வேறு. வாடகை பாக்கி, கடையில் கடன். அப்பா அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அண்ணனும் தங்கையும் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் நோட்டில் ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன் என்கிறாள் அவள். அப்பாவிடம் சொல்லாதே, அவரிடம் பணம் இல்லை என்கிறான் அவன். அடி விழும் என்ற பயமும் இருக்கிறது. ஆனால் அப்பாவின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்பது அந்தக் குழந்தைகளுக்குத் துல்லியமாகத் தெரியும். அவருக்குத்தான் இவர்கள் நிலை தெரியாது. படம் முடியும்வரை தெரிவதே இல்லை.

நான் வகுப்பறையில் பார்த்ததும் இதுதான். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள், பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லாதபோதும் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பார்கள். சொல்லப்படாததால் அவர்களுடைய பயம் உண்மையான கஷ்டத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். பாப்பாவும் கவனித்துக்கொண்டுதான் இருப்பாள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவதை அவள் எப்படிப் புரிந்துகொள்கிறாளோ, எனக்கு அதுதான் பயம்.

பிறகு அண்ணனுடைய ஷூ ஒன்றே இருவருக்கும் என்று ஆகிறது. பெண் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி, பையன்களுக்கு மதியம். ஸஹ்ரா பள்ளி விட்டதும் ஓடி வருவாள், சந்தில் காத்திருக்கும் அலி மாற்றிக்கொண்டு ஓடுவான். அவள் சின்னக் காலுக்கு அது பெரிது. ஒருநாள் காலிலிருந்து கழன்று தெருவோரக் கால்வாயில் விழுந்து, ஓடும் தண்ணீரோடு போய்விடுகிறது. அவள் அதைத் துரத்திக்கொண்டு ஓடும்போது நமக்கு மூச்சு முட்டும். அழுக்கு ஷூவை இருவரும் முற்றத்துத் தொட்டியடியில் உட்கார்ந்து கழுவும்போதோ, சோப்பு நுரையை ஊதிக் குமிழி விட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, கஷ்டம் தெரிந்தால் குழந்தைப் பருவமே போய்விடும் என்று நீ சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மசூதிக்காகக் கொடுத்த சர்க்கரைக் கட்டியை வீட்டில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். ஸஹ்ரா தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். சர்க்கரை எங்கே என்கிறார். எதிரிலேயே இவ்வளவு இருக்கிறதே என்கிறாள். அது மசூதியுடையது, நம்மை நம்பிக் கொடுத்தது என்கிறார். ஒரு நிமிடம்கூட நீடிக்காத பேச்சு. அந்த வீட்டில் நேர்மை பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை, அவ்வளவுதான் பிள்ளைகள் கேட்டது.

அது அவர்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது பின்னால் தெரிகிறது. தன் ஷூ இன்னொரு சிறுமியின் காலில் இருப்பதை ஸஹ்ரா பள்ளியில் பார்த்துவிடுகிறாள். அண்ணனும் தங்கையும் அவள் வீடுவரை பின்தொடர்ந்து போகிறார்கள், கேட்டு வாங்கிவிடத்தான். அந்தச் சிறுமி, கண் தெரியாத தன் அப்பாவைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வருகிறாள். இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எதுவும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். எல்லோரும் இந்தப் படத்தில் கடைசி ஓட்டப் பந்தயத்தைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு இந்தக் காட்சிதான் பெரிது. பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் இன்னொரு வீட்டின் வறுமையை ஒரே பார்வையில் புரிந்துகொள்கிறார்கள். தங்கள் வீட்டு வறுமையை அறியாமல் வளர்ந்திருந்தால் அவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

பந்தயத்தையும் சொல்லிவிடுகிறேன், பாப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். மூன்றாவதாக வருபவருக்கு ஒரு ஜோடி ஷூ பரிசு. அலி மூன்றாவதாக வரத்தான் ஓடுகிறான். கீழே விழுந்து, எழுந்து, முண்டியடித்து, முதலாவதாக வந்துவிடுகிறான். ஆசிரியர் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார், அவன் கண்ணில் தண்ணீர். படத்துக்காகப் பள்ளிகளில் தேடிக் கண்டுபிடித்த பிள்ளை என்று சொன்னார்கள். அந்த அழுகையை எந்த நடிகனாலும் தர முடியாது.

இதற்கு நடுவில் அப்பாவும் அலியும் ஒரே சைக்கிளில் பணக்காரர்கள் இருக்கும் பகுதிக்குத் தோட்ட வேலை தேடிப் போவார்கள். பெரிய வீடுகளின் வாசலில் பேசத் தெரியாமல் அப்பா திணறுவார். மகன் முன்னால் வந்து பேசுவான். வேலை கிடைத்துக் கை நிறையக் காசோடு திரும்பும்போது, அது வாங்கலாம் இது வாங்கலாம் என்று அவர் அடுக்குவார். ஸஹ்ராவுக்கு ஷூ வாங்குங்கள் என்பான் அலி. தன் பெருமை போய்விடும் என்று அந்த மனிதர் பிள்ளையை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தால், அன்று அவருக்கு வேலையே கிடைத்திருக்காது. நம் வீட்டில் மாதக் கடைசியில் அப்பா கணக்கு நோட்டை உங்கள் இருவர் முன்னால் வைத்துத்தான் எழுதுவார், நினைவிருக்கிறதா? பால், வாடகை, மளிகை, மிச்சம் என்று நீதான் கூட்டிச் சொல்வாய். அதனால் நீ சிறுமைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு மூவரும் சேர்ந்து உட்காருங்கள். கீழே ஓடும் எழுத்தைப் பாப்பாவால் வேகமாகப் படிக்க முடியாது, நீ தமிழில் சொல்லிக்கொண்டே வா. முடிந்ததும் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதே, அவளாகப் பேசினால் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பள விஷயத்தைச் சொல்லிவிடு. எவ்வளவு வருகிறது, எதற்கெல்லாம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டு. சுற்றுலா இந்த வருடம் முடியாது என்றால் முடியாது என்று சொல். அழுவாள். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திரு, உடனே எதையாவது வாங்கித் தருவதாகச் சொல்லிவிடாதே.

தீபாவளிக்கு எங்களுக்கு அனுப்பும் பணத்தை இந்த முறை அனுப்ப வேண்டாம். அப்பாவின் பென்ஷனும் என்னுடையதும் எங்களுக்குத் தாராளம். அந்தத் தொகையை முதலில் கார்டு கடனுக்குக் கட்டு. பாட்டிதான் வேண்டாம் என்றாள் என்று அந்தத் தாளில் அதையும் ஒரு வரியாக எழுதிக் காட்டு.

அன்புடன்,
அம்மா