அந்தக் கடிதத்தை யார் கொண்டுபோனது?

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எரேமியா 29:11ஐ மனப்பாட வசனமாகக் கொடுத்தாய்: “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.” சபையில் ஒருவர் எழுந்து, “அது நமக்குச் சொன்னதே இல்லை, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குச் சொன்னது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். “அப்படின்னா இத்தனை வருஷம் நாம பிடிச்சிட்டிருந்தது பொய்யா அத்தை?” என்று நீ கேட்கும்போது உன் குரல் தழுதழுத்தது. உன் வயதுப் பிள்ளைகள் பலரிடம் இதே கேள்வி இருக்கிறது. அதனால்தான் உன் சம்மதத்தோடு பதிலை எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அவர் சொன்னது சரி. சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டாரே, அதுதான் எனக்கு வருத்தம்.

மாமா டயாலிசிஸில் இருந்த வருஷம், ஜனவரி முதல் தேதி நள்ளிரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனம்தான் இருந்தது. நீ அப்போது ஆறாம் வகுப்பு. அட்டையைக் கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினேன். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை” என்ற வார்த்தைகளுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டேன். நான் எதிர்பார்த்த முடிவு என்னவென்று ஆண்டவருக்குத் தெரியாதா என்ன? செப்டம்பரில் மாமா போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், என் விசுவாசத்தில் எங்கோ குறை இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அட்டையைக் கிழிக்க மனம் வரவில்லை. மாமாவுடைய வேதாகமத்துக்குள் வைத்து மூடினேன். அப்புறம் நாலு வருஷம் எரேமியா புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

திறக்க வைத்தவர், சாயங்கால வேதபாடம் நடத்திய ஓய்வுபெற்ற சபைப் போதகர் ஒருவர். 29ஆம் அதிகாரத்துக்கு வந்ததும், “இந்தக் கடிதத்தை யார் கொண்டுபோனது?” என்று கேட்டார். ஐம்பது வயதுவரை வேதம் வாசித்த எனக்கு அது ஒரு கடிதம் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்றாம் வசனத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: சாப்பானின் மகன் எலெயாசா, இல்க்கியாவின் மகன் கெமரியா. யூதாவின் ராஜா சிதேக்கியா, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதர்கள். அவர்கள் கையில்தான் எரேமியா இதைக் கொடுத்துவிட்டார். சாப்பானின் மகன் அகீக்காமைத் தெரியுமா? மூன்று அதிகாரத்துக்கு முன்னால், எரேமியாவைக் கொல்லத் துடித்த ஜனங்களிடமிருந்து அவரைக் காப்பாற்றியவர். தனக்கு வேண்டிய வீட்டு ஆள் ஒருவர் அந்தப் பக்கம் போகிறார் என்று தெரிந்து, எரேமியா ஒரு தாளை நீட்டுகிற காட்சி என் கண்முன் வந்தது. அதுவரை வானத்திலிருந்து வந்த வசனமாக இருந்தது, அன்றைக்குக் கைமாறிப் போகிற கடிதாசியாக ஆனது.

யாருக்குப் போனது? கி.மு. 597 மார்ச்சில் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இதைப் பாபிலோனியரே தங்கள் களிமண் பலகையில் ஆப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிதேக்கியாவுக்கு முன்னிருந்த இளம் ராஜா எகொனியா, அவனுடைய தாய், பிரபுக்கள், தச்சர், கொல்லர் எல்லாரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த எகொனியாவுக்கும் அவன் ஐந்து பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்குகூடப் பாபிலோனில் தோண்டி எடுத்த பலகைகளில் இருக்கிறது. ஆலயம் இன்னும் இடியவில்லை. ஊரில் சனம் இன்னும் இருக்கிறது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்த நேரம் அது.

கி.மு. 595 கடைசியில் பாபிலோனிலேயே ஒரு கலகம் எழும்பியது. நேபுகாத்நேச்சார் அதை அடக்கினான் என்று அதே பலகை சொல்கிறது. அந்தச் சமயத்தில் ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் தூதர்கள் எருசலேமில் கூடியிருந்ததை 27ஆம் அதிகாரம் காட்டுகிறது. இந்தச் சூட்டில்தான் கிபியோன் ஊர்த் தீர்க்கதரிசி அனனியா எழுந்து, “இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள்” என்றான். பாபிலோனுக்குப் பணியவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். ஆலயத்தில் கூடியிருந்தவர்கள் யார் பக்கம் நின்றிருப்பார்கள் என்று யோசி. அனனியா சொன்னதுதானே எல்லாருக்கும் வேண்டியிருந்தது? நானாக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன். அந்த வருஷம் என் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததும், யோசித்துப் பார்த்தால், அனனியாவின் வாக்குத்தான். எரேமியாவின் எழுத்தில் அதை நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

எரேமியா எழுதியது வேறு. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள். அப்புறம் பத்தாம் வசனத்தில் 70 வருஷம். சிறைப்பட்டுப் போனபோது 30 வயதான ஒரு கொல்லரை எடுத்துக்கொள். 70 வருஷம் கழித்து அவருக்கு 100 வயது. அவர்களைத் திரும்பப் போகவிட்ட பாரசீக ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539இல், 597லிருந்து அப்படியே எண்ணினால்கூட 58 வருஷம், அவருக்கு 88 வயது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது உட்கார்ந்து கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. இது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தபிறகுதான் அடுத்த வரி வருகிறது: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

பாபிலோனில் சாகப்போகிறவர்களிடம் சொன்ன வார்த்தை, பாப்பா. இதைக் கேட்ட ராத்திரி நான் மாமாவுடைய வேதாகமத்தைத் திறந்து அந்த அட்டையை எடுத்தேன். பொய்த்துப்போனது என்று நான் மூடி வைத்த வசனம், பொய்க்கவே இல்லை. பிழைப்பாய் என்று அது மாமாவுக்குச் சொல்லவே இல்லையே. வீட்டுக்குத் திரும்பாமலே கண்ணை மூடுகிறவனைப்பற்றியும் கர்த்தருக்கு நினைவு இருக்கிறது என்று சொன்னது. நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

இப்போது நான் கோடு போட்ட அந்தச் சொல்லைப் பார். “எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது, நான் எதிர்பார்க்கிற முடிவு, அதாவது என் பரீட்சை, என் வேலை, என் விசா என்று மனசு போய்விடுகிறது. எபிரெயத்தில் அங்கே இரண்டு சொற்கள்: அஹரீத், திக்வா. பின்னால் வரப்போகும் காலம், நம்பிக்கை. இதே ஜோடி 31:17லும் வருகிறது: “உன் முடிவைப்பற்றி உனக்கு நம்பிக்கையுண்டு.” உடனே என்ன சொல்கிறது? “உன் பிள்ளைகள் தங்கள் எல்லைகளுக்குத் திரும்பிவருவார்கள்.” பிள்ளைகள்! பின்காலம் என்பது பின்னால் வருகிறவர்கள்.

ஆனால் நம் தமிழ் வேதாகமம் நமக்கு உதவுகிற இடமும் உண்டு. “உங்கள்பேரில்” என்று பன்மை தெளிவாக இருக்கிறது. அட்டையில் தனியாக அச்சடித்ததும் அதை மரியாதைப் பன்மையாக எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஏழாம் வசனத்தையும் பதினொன்றாம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். “பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி” என்பதிலும், “சமாதானத்துக்கேதுவான” என்பதிலும் ஒரே சொல், எபிரெயத்தில் ஷாலோம். உங்களைச் சிறைப்பிடித்தவனுடைய ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், அதற்குள்தான் உங்கள் சமாதானம். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் நாம் அட்டையில் போடுகிறோம். உன் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்து மனப்பாடம் கொடு.

கேட்டவர்கள் வீடு கட்டினார்கள் என்பதும் தெரிகிறது. பாபிலோன் நாட்டில் ஒரு கிராமத்துக்கு ‘யூதா ஊர்’ என்றே பெயர். அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த, வாற்கோதுமையும் பேரீச்சையும் வரியாக அளந்த யூதர்களின் பெயர்கள் களிமண் ஆவணங்களில் கிடைத்திருக்கின்றன. பழையது கி.மு. 572ஆம் வருஷத்தது. ஆலயம் எரிந்து பதினைந்து வருஷம்கூட ஆகாத காலம். எத்தனை அழுகைக்கு நடுவில் அந்தப் பேரீச்சையை வளர்த்திருப்பார்கள்! இன்னொரு விஷயம், கடிதம் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்தே எருசலேம் ஆசாரியனுக்கு, இந்த எரேமியாவை ஏன் இன்னும் கண்டிக்கவில்லை என்று புகார் எழுதினான். 29ஆம் அதிகாரக் கடைசியில் இருக்கிறது. அவசியம் வாசி.

சரி, மற்றத் தீர்க்கதரிசிகளை எப்படி வாசிப்பது என்றும் கேட்டாய். முதலில் அந்தப் பெயரையே கொஞ்சம் பார்க்கவேண்டும். தீர்க்கதரிசி என்றால் தூரத்தைப் பார்க்கிறவர். இந்தச் சொல்லே நம்மை எதிர்காலத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. எபிரெயச் சொல் நாபி. யாத்திராகமம் 7:1இல் “ஆரோன் உன் தீர்க்கதரிசியாயிருப்பான்” என்று மோசேயிடம் சொல்லப்படுகிறது. ஆரோன் எதிர்காலம் சொல்லப் போகவில்லை. மோசேக்குப் பதிலாகப் பார்வோன் முன்னால் பேசப் போகிறார். இன்னொருவருடைய வார்த்தையை எடுத்துப் பேசுகிற வாய், அதுதான் நாபி. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் ‘இறைவாக்கினர்’ என்று போட்டிருப்பது எனக்கு இதற்கு நெருக்கமாகப் படுகிறது. பேசுகிறவர் என்றால் எதிரே கேட்கிறவர் ஒருவர் உண்டு. அவர் யார், அவருக்கு அன்றைக்கு என்ன பயம், எதில் மெத்தனம் என்று தேடினால் பாதி வேலை முடிந்தது.

வாலிபர் கூட்டங்களில் பாடுகிற “எழும்பிப் பிரகாசி” வசனத்தை எடுத்துக்கொள். நம் ‘நீ’யில் ஆண் பெண் இல்லை. எபிரெயத்தில் உண்டு, ஏசாயா 60:1இல் அது “கூமி”, ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்கிற “எழுந்திரு”. “தலீத்தாகூமி” உனக்குத் தெரியுமே! அது அரமேயம், ஆனால் அதே கூமிதான். அந்தப் பெண் சீயோன் நகரம், பிள்ளைகளை இழந்து தரையில் விழுந்து கிடக்கிறவள். “உனக்கு விரோதமாய் உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காதேபோம்” என்பதும் அவளிடம்தான். அந்த 54ஆம் அதிகாரமே “பிள்ளைபெறாத மலடியே” என்றுதான் தொடங்குகிறது. எழும்பத் தெம்பில்லாத ஒருத்தியிடம் சொன்னது என்று தெரிந்தபிறகு அந்தப் பாட்டைப் பழையபடி கையைத் தட்டி வேகமாகப் பாட என்னால் முடியவில்லை.

சில இடங்களில் சிலேடை தெரியாமல் காட்சியே பிடிபடாது. ஆமோஸ் 8இல் ஒரு கூடைப் பழம் காட்டப்படுகிறது. உடனே “முடிவு வந்தது” என்கிறார் கர்த்தர். தமிழில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எபிரெயத்தில் பழம் கயிட்ஸ், முடிவு கேட்ஸ். அறுவடை முடிந்து, வயிறு நிறைந்து, பெத்தேல் கோவிலில் பழக்கூடையோடு நிற்கிறவனிடம் காட்டத்தி மரத்துக்காரரான ஆமோஸ் வந்து அந்தப் பழத்தின் பெயராலேயே தீர்ப்புச் சொன்னால் எப்படி இருந்திருக்கும்?

டிசம்பர் வருகிறது, கன்னிகை ஒரு குமாரனைப் பெற்று அவருக்கு இம்மானுவேல் என்று பேரிடுவாள் என்கிற ஏசாயா 7:14ஐ எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று உனக்கு இப்போது கவலையாக இருக்கும். பயப்படாதே. மூன்றாம் வசனத்திலிருந்து தொடங்கு. கி.மு. 735 வாக்கில் தமஸ்கு ராஜாவும் சமாரியா ராஜாவும் சேர்ந்து எருசலேமை முற்றுகையிட வருகிறார்கள். யூதாவின் ராஜா ஆகாஸ் வண்ணார் துறை வழியில், மேல்குளத்து மதகண்டை நிற்கிறான். முற்றுகை என்றால் முதலில் தண்ணீர்தானே? அங்கே ஏசாயா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். பிறக்கப்போகிற ஒரு பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுமுன்னே, நீ பயப்படுகிற அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் வெறுமையாகும் என்கிறார். 732இல் தமஸ்கு விழுந்தது, 722இல் சமாரியா. ஆகாஸோ அதற்குள் அசீரியாவிடம் கையேந்திவிட்டான். 701இல் அதே அசீரியாவின் படைத்தலைவன் ரப்சாக்கே எருசலேமை மிரட்டி நின்ற இடம் எது தெரியுமா? ஏசாயா 36:2ஐப் பார். அதே மதகு, அதே வண்ணார் துறை வழி.

மத்தேயு இந்தப் பிள்ளையில் இயேசுவைக் கண்டார், நானும் காண்கிறேன். ஆனால் ஆகாஸைத் துடைத்துவிட்டுத்தான் அதைக் காணவேண்டும் என்றில்லை. பயந்துபோன ஒரு ராஜாவிடம் “தேவன் நம்மோடிருக்கிறார்” என்ற பெயரைச் சொன்னதும், அவன் அதை நம்பாமல் வேறு துணை தேடியதும் தெரிந்தால், பிள்ளைகளுக்கு இம்மானுவேல் என்ற பெயரின் கனம் புரியும்.

உன்னை எல்லார் முன்னாலும் திருத்தியவரிடம் கோபப்படாதே. ஆனால் நீ அவரைப்போல் செய்யாதே. யார் வீட்டுச் சுவரிலாவது இந்த வசனம் ஒட்டியிருந்தால், அந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று முதலில் விசாரி. அட்டை எங்கேயும் போய்விடாது.

வருகிற ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வை. ஒருத்தனை எலெயாசாவாகவும் ஒருத்தனை கெமரியாவாகவும் வாசலிலிருந்து வரச் சொல். கடிதத்தை ஒரு தாளில் நீயே கையால் எழுதி, சுருட்டி, நூல் கட்டிக் கொடு. வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி எகொனியாவின் தாய், ஒருத்தன் கொல்லன், ஒருத்தன் அனனியாவை நம்பி மூட்டைகூட அவிழ்க்காமல் வைத்திருக்கிறவன். முதல் வசனத்திலிருந்து நிதானமாக வாசிக்கட்டும். 70 வருஷம் என்று வரும்போது கொஞ்சம் நிறுத்தி, மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் இப்போது என்ன செய்வாய் என்று கேள். அவன் சொன்ன பதிலை எனக்குக் குரல் பதிவாக அனுப்பு.

அன்புடன்,
அத்தை