பார்க் தே பிரேன்ஸைக் காலியாக்கிவிடாதீர்கள்: பாரிஸ் மாநகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகரசபை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பிஎஸ்ஜி (பாரிஸ் சான்-ஜெர்மன்) கால்பந்துக் கழகம் ஆடும், நகரத்துக்குச் சொந்தமான பார்க் தே பிரேன்ஸ் அரங்கு விற்பனைக்கு இல்லை என்பதை 2024 பெப்ரவரியில் உங்கள் சபை மறுபடியும் உறுதிசெய்தது. அந்த வாரமே பிஎஸ்ஜி தலைவர் நாசர் அல்-கெலைஃபி, இனி இங்கிருந்து போகத்தான் விரும்புகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். புதிய அரங்குக்கு மஸ்ஸி, புவாஸி என்று புறநகர்ப் பெயர்கள் அடிபடத் தொடங்கின.

விற்க மறுத்ததில் எனக்கு உங்களோடு பிணக்கில்லை. 4 கோடி யூரோவுக்கும் குறைவாகக் கழகம் விலை பேசியதாகச் செய்தி வந்தபோது, ரசிகர்களான எங்களுக்கே சிரிப்பு வந்தது. அந்தக் காசுக்கு அவர்கள் நல்ல முன்கள வீரர் ஒருவரைக்கூட வாங்கமாட்டார்கள். விரிவாக்கத்துக்குத் துணைநிற்போம் என்று உங்கள் தரப்பில் சொன்னதும் தெரியும். ஆனால் பேட்டியில் சொல்வது வேறு, தீர்மானமாக எழுதி வைப்பது வேறு.

உங்கள் சபைக்கு இந்த விடயத்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1970இல் பாரிஸ் எஃப்சியும் ஸ்தாத் சான்-ஜெர்மனும் இணைந்து பிஎஸ்ஜி பிறந்தது. இரண்டே ஆண்டில் அன்றைய நகரசபை, பெயரில் புறநகர் இருக்கக்கூடாது, 'பாரிஸ் எஃப்சி' என்று மாற்றினால்தான் ஆதரவு என்று நின்றது. கழகம் பிளந்தது. லீக்கின் முதல் பிரிவு இடமும் தொழில்முறை வீரர்களில் பெரும்பாலானோரும் பாரிஸ் எஃப்சி பக்கம் போக, 1972 ஜூனில் திறக்கப்பட்ட புத்தம்புதிய பார்க் தே பிரேன்ஸ் அரங்கும் அவர்களுக்கே கிடைத்தது. பிஎஸ்ஜி மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டு, சான்-ஜெர்மன்-ஆன்-லேயின் ஜோர்ஜ் லெஃபேவர் மைதானத்தில் ஆடியது. 1974இல் பிஎஸ்ஜி முதல் பிரிவுக்கு ஏறியது. அதே பருவத்தில் பாரிஸ் எஃப்சி இறங்கியது. சபை ஒதுக்கித்தள்ளிய கழகம்தான் அன்றிலிருந்து பார்க்கில் குடியிருக்கிறது. கழகத்தைப் பணியவைக்கப் போட்ட கணக்கு அன்று தவறியது. இன்றும் தவறலாம்.

பிஎஸ்ஜி போய்விட்டால் அங்கே யார் ஆடுவார்கள்? லியோனில் கால்பந்துக் கழகம் 2016இல் தெசின் புறநகருக்குப் போனபோது ஷெர்லான் அரங்கை ரக்பி கழகம் எடுத்துக்கொண்டது. போர்தோவில் 2015இல் லெஸ்கூர் அரங்குக்கும் அப்படியே ரக்பி கைகொடுத்தது. பாரிஸுக்கு அந்த வசதி இல்லை. ஸ்தாத் பிரான்சே ரக்பி கழகம் தெருவுக்கு அந்தப் பக்கம் ஜான் புவான் அரங்கில் இருக்கிறது; 20,000 இருக்கை அதற்குப் போதும். பாரிஸ் எஃப்சியும் 2025இல் ஷார்லெத்தி அரங்கிலிருந்து அதே அரங்குக்குத்தான் வந்தது. ராசிங் 92 ரக்பி கழகம் நாந்தேர் புறநகரில். தேசிய அணிகளுக்கு 1998 முதல் ஸ்தாத் தே பிரான்ஸ் அரங்கு. மிஞ்சுவது இசைக் கச்சேரிகள். ஆண்டுக்குச் சில கச்சேரிகளை நம்பி 48,000 இருக்கைகளைப் பராமரிக்க உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் இடமிருக்கிறதா?

கழகத்தின் பக்கமும் நியாயம் முழுதாக இல்லை. போர்தோ கழகம் கட்டடக்கலைஞர்கள் ஹெர்சோக் - தெ மெரோன் வடிவமைத்த அழகான புதிய அரங்குக்குப் போனது. ஒன்பது ஆண்டில் நான்காம் பிரிவுக்கு விழுந்து தொழில்முறைத் தகுதியையும் இழந்தது. அரங்கு மாறியதால்தான் விழுந்தது என்று சொல்லமாட்டேன், நிர்வாகத்தில் வேறு ஓட்டைகள் நிறைய. ஆனாலும் நான்காம் பிரிவுக் கழகத்துக்கு 42,000 இருக்கை என்பது எவ்வளவு பெரிய சுமை என்று அந்த ஊராரைக் கேளுங்கள். உரிமையாளரான கத்தாரின் பணம் இருக்கும்வரை பிஎஸ்ஜிக்கு அந்த நிலை வராது. கத்தார் பணம் எவ்வளவு காலம் இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பார்க்கைப் பெருப்பிப்பது எளிதல்ல என்பதும் உண்மை. கீழே பெரிஃபெரிக் நெடுஞ்சாலை சுரங்கமாக ஓடுகிறது, சுற்றிலும் குடியிருப்புகள். அரங்கை வடிவமைத்த ரொஜே தாயிபேரின் கொங்கிரீட் விலா எலும்புகளைத் தொடாமல் கூரையை உயர்த்தமுடியாது. ஆனால் ஒரு கோலுக்குப் பின்னால் ரசிகர்கள் கூடும் ஒத்தேய் முனையில் எழும் பாட்டு எதிரேயுள்ள புலோன் முனையில் மோதித் திரும்புவது அந்தத் தாழ்ந்த கூரையால்தான். சில ஆயிரம் இருக்கைக்காக அதை இழக்க நான் தயாரில்லை. 60,000 வேண்டும் என்ற கழகத்தின் பேராசைக்கு நீங்கள் முழுதாக இணங்கவேண்டியதில்லை.

2013இல் கொடுத்த 30 ஆண்டுக் குத்தகையை வைத்துக்கொண்டு எவரும் கோடிகளை முதலிடமாட்டார்கள். பிரெஞ்சுச் சட்டம் 99 ஆண்டுவரை குத்தகைக்கு இடம் தருகிறது. நிலம் நகரத்துக்கே இருக்கட்டும். விரிவாக்கச் செலவு கழகத்துக்கு. ஒத்தேய், புலோன் இருபுறமும் மலிவு நுழைவுச்சீட்டுகளுக்கு ஒரு பங்கு எழுத்தில் இருக்கட்டும். கழகம் இதற்கும் மறுத்தால், போக விரும்பியது யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். மஸ்ஸியிலோ புவாஸியிலோ முதல் கல் வைக்குமுன் இந்த நிபந்தனைகளைப் பகிரங்கமாக வையுங்கள். கழகத்தின் பதிலையும் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒத்தேய் பக்கத்து ரசிகன் ஒருவன்